சீட்டம்மாவோட நாப்பத்தோரு கேப்சூல்

வலி மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடுக்கணும் தம்பி. அதுல நான் ஒரு நாளும் தவறினதில்ல. ரெண்டு வாய் ரொட்டியாவது உள்ள போயிருக்கணும், ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிக்கணும், குடிச்ச கையோட படுக்கக் கூடாது. கடைசி நாள் வரைக்கும் அவளுக்கு அப்படித்தான் குடுத்தேன். இதையும் சேர்த்து எழுதிக்குங்க. என்னை அஜாக்கிரதைன்னு யாராவது சொன்னா எனக்குத் தாங்காது.

மேஜை மேல வெச்சிருக்கீங்களே, அந்த ஜாம் பாட்டில் என்னோடதுதான். அதுக்குள்ள நாப்பத்தொண்ணு இருக்கும். நீங்களும் எண்ணிப் பாத்திருப்பீங்க. ஏன் குப்பையில போடலன்னு கேக்குறீங்க. ஆஸ்பத்திரியில இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தவ தம்பி நான். நல்ல மருந்தைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது.

நான் வேலை பாத்தது எண்டோஸ்கோப்பி ரூம்ல. வாய் வழியா கேமரா வெச்ச குழாயை விட்டு வயித்துக்குள்ள பாப்பாங்களே, அது. குழாயைக் கழுவி வைக்கிறது, ஆளைப் பக்கவாட்டுல படுக்க வைக்கிறது, வாந்தி எடுத்தா பிடிக்கிறது, அழுதா முதுகைத் தடவிக் குடுக்கிறது, எல்லாம் நான்தான். அதனால நோயாளிங்க எனக்கு குழாயம்மான்னு பேர் வெச்சாங்க. கதவுக்கு வெளிய மேஜை போட்டு, பேர் எழுதி, சீட்டு கிழிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தவ சீட்டம்மா. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த ஒரு கதவுதான். அவ அதைத் தாண்டி உள்ள வரமாட்டா. வாடை ஒத்துக்காது அவளுக்கு. நான் வெளிய வந்தா முதல்ல கையைக் கழுவச் சொல்லுவா, அப்புறம்தான் பாதி பிஸ்கட் நீட்டுவா. "எத்தனை வயித்தைப் பாத்த இன்னிக்கு?"ம்பா. "பதினொண்ணு"ம்பேன். "எதுலயாவது என் புருஷன் தொலைச்ச மோதிரம் இருந்துச்சா?"ம்பா. இருபத்திரண்டு வருஷமும் இதே கேள்விதான். எனக்கும் இருபத்திரண்டு வருஷமும் சிரிப்பு வந்துச்சு.

அந்த ரூம்ல டாக்டர் எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேப்பார், வலிக்கு மாத்திரை போடுறீங்களான்னு. பத்துல எட்டு பேர் இல்லன்னுதான் சொல்லுவாங்க. பொய் சொல்றவங்க இல்ல தம்பி. சர்க்கரைக்குப் போடுறது மாத்திரை, பிரஷருக்குப் போடுறது மாத்திரை. முட்டிக்கும் இடுப்புக்கும் கடையில கேட்டு வாங்கிப் போடுறதை அவங்க கணக்குலயே சேர்க்கிறதில்ல. டாக்டர் கை கழுவப் போனப்புறம் நான் குனிஞ்சு காதுகிட்ட கேப்பேன். "சும்மா வலிக்குன்னு ஏதாவது போடுவீங்களாக்கா?" உடனே வந்துடும். "அதுவா, அது தினம் ரெண்டு போடுறேன், நாலு வருஷமா." டாக்டர் சிரிப்பார், பத்து வருஷம் படிச்சுட்டு வந்து நான் கேட்டா சொல்றதில்ல, குழாயம்மா கேட்டா கொட்டிடறாங்கன்னு. என்கிட்ட யாரும் மறைச்சதில்ல. இதை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும்.

நான் பாத்ததைக் கொஞ்சம் சொல்லிடறேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். வயித்துக்கு உள்பக்கமா வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும். வயித்துல ஊறுற அமிலம் வயித்தையே அரிக்காம காப்பாத்துறது அதுதான். வலி மாத்திரை வலியை அடக்குற அதே வேலையில அந்தப் பூச்சையும் மெலிசாக்கிடும். திரையில பாத்தா சிவந்த சதைக்கு நடுவுல சின்னதா ஒரு குழி தெரியும், அடியில வெள்ளையா. சில சமயம் குழியோட நடுவுலயே ஒரு ரத்தக் குழாய் திறந்துகிட்டு இருக்கும். இதுல வேடிக்கை என்னன்னா, நிறைய பேருக்கு வயிறு வலிக்கவே வலிக்காது. அந்த மாத்திரையே அந்த வலியையும் சேர்த்து அமுக்கிடும். வலிக்கிற புண்ணுன்னா ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துடுவான். வலிக்காத புண்ணு உள்ளுக்குள்ளயே வேலை பாத்துக்கிட்டு இருக்கும், வெளிய மூஞ்சி சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

அவளும் அப்படித்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தா. அதுக்கு வரேன்.

ரெண்டு பேருக்கும் புருஷன் போயாச்சு. வேலையும் முடிஞ்சுது. மூணாவது மாடியில ஒரே வீடா எடுத்துக்கிட்டோம், ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு. குடி வந்த அன்னிக்கே பேசி முடிவு பண்ணினோம், பிள்ளைங்க வீட்டுக்கு யாரும் போறதில்ல, யாரு முதல்ல படுத்தாலும் மத்தவதான் பாத்துக்கணும்னு. அவதான் முதல்ல கையை நீட்டினா, நான் அதுல கையடிச்சேன். என் பையன் எனக்குன்னு தனியா ஒரு ரூம் கட்டி, ஜன்னலுக்குத் திரையெல்லாம் போட்டு வெச்சுக் கூப்பிட்டான். போகல. அவன் பொண்ணு முதல் அடி எடுத்து வெச்சதை நான் போன்லதான் பாத்தேன். "வாம்மா"ன்னு அவன் கடைசியா கூப்பிட்டப்ப, "சீட்டம்மா தனியா இருப்பாடா"ன்னேன். அவன் போனை வெச்சுட்டான். அதுக்கப்புறம் கூப்பிடவும் இல்ல.

அவளுக்கு ஏற்கனவே நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருந்தாங்க. ரத்தம் கட்டாம இருக்க ஒரு சின்ன மாத்திரை தினமும் போடணும். போன வருஷம் முட்டி ரெண்டும் போச்சு. மாடிப்படியில ஒவ்வொரு படிக்கும் யாரையாவது திட்டிக்கிட்டே ஏறுவா, முதல் மாடி வரைக்கும் வீட்டு ஓனரை, ரெண்டாவது மாடியில மருமகனை, மூணாவது மாடி வரும்போது என்னை. டாக்டர் யோசிச்சு யோசிச்சுத்தான் வலி மாத்திரை எழுதினார். என் மூஞ்சியைப் பாத்து சொன்னார், "குழாயம்மா, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ரத்த மாத்திரையும் இதுவும் சேர்ந்தா வயிறு தாங்காது. காலையில வெறும் வயித்துல, அமிலத்தைக் குறைக்கிற இந்த கேப்சூல் போட்டாத்தான் மத்தது. ஒரு நாள் விட்டாலும் எனக்குச் சொல்லணும்." நான் பாத்துக்கறேன் டாக்டர்னு சொன்னேன். நல்லாவும் பாத்துக்கிட்டேன், ஏழு மாசம். காலையில அவ கண்ணு முழிக்கிறதுக்குள்ள தண்ணியும் கேப்சூலும் தலைமாட்டுல இருக்கும். மாத்திரை பேர் எதுவும் அவளுக்குத் தெரியாது. "நீ விஷம் குடுத்தாலும் முழுங்கிடுவேன்டி, கண்ணாடி தேட யாரால முடியும்"னு சொல்லுவா.

கீழ் வீட்டுல ஒரு தையல்காரர். ஒரு நாள் நான் ரொட்டி வாங்கிட்டு வரப்ப கூப்பிட்டார். கையில ஒரு கனமான கோட்டு.

"அக்கா, கை நீளம் போதுமான்னு சீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன். மூணு மாடி ஏற எனக்கும் மூச்சு இல்ல."

"அவளுக்கா இது?"

"ஆமா. பொண்ணு ஊர்ல குளிர் எலும்பு வரைக்கும் போகுமாமே. பத்தொன்பதாம் தேதி கிளம்புறாங்க, அதுக்குள்ள குடுத்துடணும்." அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தார். "என்னக்கா, தெரியாதா உங்களுக்கு? நீங்க ரெண்டு பேரும் மூச்சு விடுறதையே சேர்ந்துதானே விடுவீங்க."

"தெரியுமே. கோட்டு கலர்தான் மறந்து போச்சு"ன்னேன்.

படியேறினேன். ரெண்டாவது மாடியில நின்னு ரொட்டிப் பையைக் கை மாத்திக்கிட்டேன். அப்புறம் விசாரிச்சா, தையல்காரருக்குத் தெரியும், பால் ஊத்துறவருக்குத் தெரியும், எதிர்வீட்டு டீச்சர் பெட்டி இரவல் குடுத்திருக்காங்க. இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல. எனக்கு மட்டும்தான் தெரியாது.

அவசரப்படக் கூடாதுன்னு நினைச்சேன். அவளாவே சொல்லட்டும்னு மூணு தடவை சந்தர்ப்பம் குடுத்தேன். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல.

முதல் நாள் கேட்டேன், "என்னடி, ரொம்ப யோசனை?" "ஒண்ணுமில்ல, முட்டியோட பேசிக்கிட்டு இருக்கேன்"னா.

ரெண்டாவது நாள், "பொண்ணு போன் பண்ணாளா?" "பண்ணா. அவளுக்குச் சளியாம். அவ புருஷன் வெச்ச சூப்பைக் குடிச்சு இன்னும் மோசமாயிடுச்சாம்."

மூணாவது நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது நேராவே கேட்டேன். "நமக்குள்ள ஒளிவு மறைவு ஏதாவது இருக்கா?" தட்டுலேர்ந்து தலையைத் தூக்கினா. சிரிச்சா. "ஒளிச்சு வைக்க இந்த வீட்டுல இடம் எங்கடி இருக்கு?"

ஊரு பேரு தெரியாத ஆளுங்கள்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உண்மையைச் சொல்லியிருக்காங்க தம்பி. இவ சொல்லல. அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். காலையில தண்ணி கொண்டு போய் வெச்சேன். கேப்சூலை வைக்கல.

நான் ஒண்ணும் செய்யல, கவனிச்சுப் பாருங்க. செஞ்சுக்கிட்டு இருந்த ஒண்ணை நிறுத்தினேன், அவ்வளவுதான். "எங்கடி என் காலைப் பலகாரம்?"னு ஒரு நாள் கேட்டா. "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார், போதுமாம்"னேன். "அப்பாடா, ஒண்ணு குறைஞ்சுது"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா. வலி மாத்திரையை நிறுத்தல. அதை நிறுத்தினா அவ வலியில துடிப்பா, எனக்குப் பாக்க முடியாது. ஊருக்குப் போற அவசரத்துல அவ கடை கடையா ஏறி இறங்கினா, சாயங்காலம் முட்டி வீங்கிடும், இன்னொண்ணு குடுடின்னு கேப்பா. கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லல. எனக்கு அவ மேல கோபம்னு நீங்க எழுதறீங்க போல. கோபம் இல்ல. கொஞ்சம் உடம்பு முடியாம போகணும், டாக்டர் பிரயாணம் வேண்டாம்னு சொல்லணும். அப்ப அவ படுத்துக்குவா, நான் பாத்துக்குவேன். நாங்க கையடிச்சுப் பேசினது அதுதானே.

ஒரு வாரம் போனதும் இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் குடுத்தேன். "வெளுத்துப் போயிருக்க, போடு. இது போட்டா மலம் கறுப்பாப் போகும், பயந்துக்காத"ன்னு முன்னாடியே சொல்லி வெச்சேன். அப்ப போன்ல பாத்தப்ப அவ வெளுத்தே போகலையேன்னு அவ பொண்ணு உங்ககிட்ட சொல்லியிருக்கா. சரிதான், போகல. இரும்புச் சத்து யாருக்குமே நல்லதுதான்.

அஞ்சாவது வாரம் பாத்ரூம்லேர்ந்து குரல் குடுத்தா. "ஏய், தார் மாதிரி இருக்குடி, ஒட்டிக்கிட்டு, தண்ணி ஊத்தினாலும் போகல. இதுவும் உன் இரும்புதானா?" நான் கதவுகிட்ட போனேன். பாக்கவே வேண்டாம் தம்பி, வாடை போதும். இரும்பு மாத்திரைக்கு அந்த வாடை வராது, அந்தப் பிசுபிசுப்பும் இருக்காது. உள்ள கசியற ரத்தம் அமிலத்துல வெந்து வர வாடை அது. இருபத்திரண்டு வருஷம் அந்த வாடையிலதான் நின்னிருக்கேன். அவ கதவுக்கு வெளியவே உக்காந்திருந்தவ, அவளுக்கு எப்படித் தெரியும்.

"இரும்புதான். நிறைய தண்ணி ஊத்து"ன்னேன்.

"உன் மருந்தும் நீயும்"னா. உள்ளேர்ந்து சிரிச்சா.

அதுக்கப்புறம் ஆறு நாள். படி ஏறினா மூச்சு வாங்குச்சு. உதடு காகிதம் மாதிரி ஆச்சு. நாற்காலியிலேர்ந்து எழுந்தா சுவத்தைப் பிடிச்சுப்பா. நான் பால் காய்ச்சிக் குடுத்தேன், முட்டை அவிச்சுக் குடுத்தேன், தலை வாரி விட்டேன். ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், இன்னிக்குச் சொல்லிட்டான்னா இப்பவே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லல. அஞ்சாம் நாள் வாய் வரைக்கும் வந்துச்சு. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி"ன்னா. அடுப்பை அணைச்சுட்டு வந்து எதிர்ல உக்காந்தேன். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிச்சா. "ஒண்ணுமில்ல, பால்ல சர்க்கரை கம்மி"ன்னா. போய் சர்க்கரை போட்டுக் கொண்டு வந்தேன்.

பதினஞ்சாம் தேதி காலையில நெஞ்சை அழுத்துதுன்னு உக்காந்துட்டா. நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன், அதுவும் உங்க பேப்பர்ல இருக்கும். எமர்ஜென்சியில இருந்த டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, எங்க ரூம்ல பயிற்சி எடுத்தவ. "குழாயம்மா, நீங்களா"ன்னு ஓடி வந்தா. நெஞ்சு அழுத்துது, வேர்க்குது, ஸ்டென்ட் வேற இருக்கு. ரத்தம் குறைஞ்சு போனா நெஞ்சும் அப்படி அழுத்தும்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். படிச்ச பொண்ணு, கேக்க வேண்டியதைச் சரியாத்தான் கேட்டா. ரத்தப் பரிசோதனை வர நேரமாகும், அதுக்குள்ள மருந்தை ஆரம்பிக்கணும்னு கேட்டா.

"மலம் கறுப்பா போச்சா?"

"இல்ல"ன்னேன்.

"வலிக்கு மாத்திரை ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"வயித்துக் கேப்சூல்?"

"தவறாம போடுறா."

என்கிட்ட மறுபடி கேக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்ல பாருங்க. அந்தக் கேள்வியை மத்தவங்ககிட்ட கேக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். திரும்பி சீட்டம்மாவைப் பாத்து, "சரிதானே பாட்டி?"ன்னா. மாஸ்க்குக்குள்ள சீட்டம்மா தலையாட்டினா. அவளுக்கு எல்லாம் தெரியும். தினம் தினம் முழுங்கினவ அவதானே, தார் மாதிரின்னு சொன்னவளும் அவதானே. இருந்தாலும் தலையாட்டினா. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஆட்டினா.

இதயம்னு முடிவு பண்ணி, ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாங்க. அதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல. ரத்தப் பரிசோதனை கைக்கு வந்தப்ப அந்தப் பொண்ணு மூஞ்சி மாறிப் போச்சு. மத்தியானம் சீட்டம்மா ரத்தமா வாந்தி எடுத்தா. எங்க பழைய ரூமுக்குத்தான் தள்ளிக்கிட்டு ஓடினாங்க. முதல் தடவையா அந்தக் கதவுக்கு உள்ள போனா அவ. நான் வெளிய, அவ மேஜை இருந்த இடத்துல நின்னேன்.

மறுநாள் அவ பொண்ணு நிறைமாச வயித்தோட வந்தா, அதுவும் எனக்குத் தெரியாது. என்னைக் கட்டிக்கிட்டு அழுதா, பெரியம்மா பெரியம்மான்னு. அம்மா துணி எடுக்கப் போய் அலமாரியைக் குடைஞ்சப்பத்தான் இந்த பாட்டிலைப் பாத்திருக்கா. அப்பவும் அவ கத்தல. ஒரு காகிதத்தை என் முன்னாடி விரிச்சு வெச்சா. "இது திரும்பி வர டிக்கெட் பெரியம்மா. அம்மா மூணே மூணு வாரத்துக்குத்தான் வர இருந்தாங்க. எனக்குப் பிரசவம். முன்னாடியே சொன்னா நீங்க சாப்பிடாம படுத்துக்குவீங்கன்னு பயந்துக்கிட்டு, கிளம்புறதுக்கு முதல் நாள் சொல்லிக்கறேன்னாங்க. என் கல்யாணத்துக்கு வந்துட்டுப் போனதுக்கே நீங்க ஒரு மாசம் அவங்களோட பேசலையாமே."

ஒரு மாசம் இல்ல, இருபத்தாறு நாள். டிக்கெட்டை நானும் பாத்தேன், தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா பொறந்த குழந்தையைத் தூக்கினவ மூணு வாரத்துல இறக்கி வெச்சுட்டு வந்துடுவாளா, நீங்களே சொல்லுங்க.

கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க. கேப்சூலை நிறுத்தினது நான், இரும்பு குடுத்தது நான், வாடை தெரிஞ்சும் ஆறு நாள் உக்காந்திருந்தது நான், அந்தப் பொண்ணு கேட்ட மூணு கேள்விக்கும் பொய் சொன்னது நான். நான்தான் அவளைக் கொன்னேன். அப்படியே எழுதிக்குங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா துரோகம்ங்கிற வார்த்தையை மட்டும் என் பேர்ல போடாதீங்க தம்பி. பதினஞ்சாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு அவ கண்ணை மூடினப்ப பக்கத்துல நான்தான் இருந்தேன். என் கையைத்தான் பிடிச்சிருந்தா, நினைவும் கொஞ்சம் இருந்துச்சு, உதடுகூட அசைஞ்சுது. அப்பவும் போறேன்டின்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல.